கண்ணை மூடினால் இல்லை என்று அர்த்தம்

என் மச்சினர் தட்டச்சு செய்த ஒரு கடிதத்தில் சொற்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அந்த வியாதி எங்கள் வீட்டில் முதலில் தலைகாட்டியது அதில்தான்.

மச்சினர் என்றால் என் கணவரின் அண்ணா. ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. பாலக்காட்டிலிருந்து பம்பாய்க்கு வந்த எங்கள் மனிதர்களில் பாதிப் பேர் பத்து விரலை நம்பித்தான் ரயில் ஏறினார்கள். அவர் விரல்களுக்கு ஆபீசில் நல்ல பெயர். அப்படிப்பட்டவரிடம் மேனேஜர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் எங்கே என்று கேட்டாராம். இதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். இடம் விடுவதற்கு ஒரு நீளக் கட்டை இருக்கும், அதை வலது கட்டைவிரலால் தட்ட வேண்டும். தட்டியதாகத்தான் அவர் நினைத்திருக்கிறார், கட்டை இறங்கவில்லை. மிஷின் பழசு என்று சொல்லி வேறு மிஷின் கொடுத்தார்கள். அதிலும் சொற்கள் ஒட்டிக்கொண்டன. இடது கட்டைவிரலுக்கு மாறிக்கொண்டார், விஷயம் அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம்.

அறுபதுகளின் ஆரம்பம் அது. நான் கல்யாணமாகி மாட்டுங்காவுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. மாமியார், கல்யாணமே வேண்டாம் என்று நாற்பதைத் தாண்டிவிட்ட மச்சினர், என் கணவர், கல்யாணத்துக்குக் காத்திருக்கும் நாத்தனார், நான். மாமனார் எப்போதோ ஊரில் டைபாய்டில் போய்விட்டார் என்று பெண் கொடுக்கும்போதே எங்கள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அப்போது என் கணவர் குழந்தை, நாத்தனார் அவரைவிடச் சின்னவள். மச்சினர்தான் படிப்பை முடித்ததும் பம்பாய் வந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். தங்கை கல்யாணத்துக்காகத்தான் அவர் தனியாக நிற்கிறார் என்று மாட்டுங்காவே மெச்சிக்கொண்டது.

மச்சினர் எதிரே நின்று பேசக்கூடாது என்பது அந்த வீட்டுப் பழக்கம். அவர் கூடத்துக்கு வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். சாதம் வேண்டுமா என்று கேட்பதானால்கூட இலையைப் பார்த்துக் கேட்க வேண்டும். இரண்டு அறை வீட்டில் இதை எப்படிக் கடைப்பிடித்தோம் என்று இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஒரே செய்தித்தாளைப் பகிர்ந்துகொண்டு, நானும் அவரும் வருஷக்கணக்கில் சந்திக்காமலே வாழ்ந்தோம்.

அந்த வருஷம் தீபாவளிக்கு மாமியார் பிள்ளைகள் இருவரையும் மணையில் உட்காரவைத்து எண்ணெய் வைத்தார். பெரியவர் தோளில் எண்ணெயைத் தேய்க்கும்போது அவர் கை நின்றது. நான் சமையலறை வாசலில் இருந்து பார்த்தேன். மச்சினரின் தோள் சதை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. தோலுக்கு அடியில் ஏதோ நெளிகிற மாதிரி, ஒரு இடத்தில் அடங்கினால் இன்னொரு இடத்தில். அவருக்கு அது வலிக்கவும் இல்லை, தெரியவும் இல்லை. மாமியார் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். சின்னவருக்கு எண்ணெய் வைக்கத் திரும்பி வரவே இல்லை, நாத்தனார்தான் வைத்தாள். நல்ல நாளும் அதுவுமாக என்ன கோபமோ என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதைமேடு வற்றிக் குழியாகிவிட்டது. சட்டைப் பித்தான் போட முடியாமல், பித்தானைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஸ்டேஷன் பாலத்துப் படியில் கால்விரல் தட்டி இரண்டு தடவை விழுந்தார். செருப்பு காலிலிருந்து நழுவுவது அவருக்கே தெரியாது, யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ஆபீஸ் லீவு கொடுத்தது, லீவு நீண்டது.

காரணம் சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? உருளைக்கிழங்கு என்றார்கள், வாயு. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த காற்று என்றார்கள். இரவு தலைக்குக் குளித்தது, கண்ணேறு, நாக தோஷம், அளவுக்கு மேல் டைப் அடித்தது, பிரம்மசரியம்கூட ஒரு காரணமாக வந்தது. தாராவியிலிருந்து ஒருவர் வந்து மாதக்கணக்கில் எண்ணெய் தடவினார். திருநெல்வேலிக்காரர், நல்ல மனுஷர். எண்ணெய்தான் மணத்ததே தவிர சதை வரவில்லை. கட்டடத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் மாமியார் ஒரே பதில் சொன்னார், வாதம். வாதம் என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

கடைசியில் பரேலில் நரம்பு டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனோம். அப்போதே பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. கடிதத்தில் ஒட்டிக்கொண்ட மாதிரியே வாயிலும் சொற்கள் ஒட்டிக்கொண்டன. டாக்டர் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார், கால் துள்ளி எழுந்தது. சோர்ந்த காலுக்கு இவ்வளவு துள்ளலா என்று எனக்கு ஆச்சரியம். நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கும் அந்தத் தோள் மாதிரியே நெளிந்தது. ஊசியால் குத்திப் பார்த்தார், எல்லா இடத்திலும் வலித்தது. மூளையிலிருந்தும் முதுகுத்தண்டிலிருந்தும் சதைக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்புகள் மட்டும் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன என்றார். பார்ப்பது, கேட்பது, உணர்வது, யோசிப்பது எதற்கும் ஒன்றும் ஆகாது. மருந்து இல்லை. இதை மச்சினர் எதிரிலேயே இங்கிலீஷில் சொன்னார். வாழ்நாள் முழுக்க இங்கிலீஷைக் கேட்டு எழுதிக்கொண்ட மனுஷருக்கு அது புரியாதா என்ன?

ஏன் வந்தது என்று என் கணவர் கேட்டார். டாக்டர் எதிர்க்கேள்விகள் கேட்டார். ஈயத்தோடு வேலை செய்தாரா, சிகரெட் உண்டா, முதுகில் அடி பட்டதா, மின்சாரம் தாக்கியதா, இளவயதில் போலியோ வந்ததா? எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசியாக, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்றார். என் கணவர் அதைத் தமிழில் சொல்லி மாமியாரைப் பார்த்தார். மாமியார் உடனே தலையாட்டினார். யாருக்கும் இல்லை. மச்சினர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியானால் நல்லது, இது இவரோடு நின்றுவிடும், பெரும்பாலும் அப்படித்தான், அபூர்வமாகச் சில குடும்பங்களில்தான் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் என்றார் டாக்டர். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. ஒரு மனுஷர் சாகப் போகிறார் என்று சொன்ன இடத்தில் எனக்கு உயிர் வந்தது என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்தது.

அதற்குப் பிறகுதான் நான் மாமியாரைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

அவர் வியாதிக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். மச்சினருக்குத் தண்ணீர் புரையேற ஆரம்பிப்பதற்கு முன்பே, மோரில் நீர் விடாதே, சாதத்தைக் குழைத்துக் கெட்டியாகப் பிசை என்று எனக்குச் சொல்லிவிட்டார். நீர்த்த ரசம் வேண்டாம் என்றார். நான் அதிகாரம் என்று நினைத்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் காபி மூக்கு வழியாக வந்து மச்சினருக்குக் கண் பிதுங்கியது. அன்று புரிந்தது, கெட்டியாக இருந்தால் தொண்டையில் இறங்குகிறது, தண்ணீர்தான் விரோதி. மச்சினர் எழுந்து நடந்துகொண்டிருந்தபோதே மாமியார் கட்டிலை விற்றுவிட்டுத் தரையில் படுக்கை போட்டார். தலை நிற்காமல் சாயத் தொடங்குவதற்கு முன்பே இலவம்பஞ்சில் கழுத்துக்கு வளைவாக ஒரு தலையணை தைத்துவைத்தார். பாதை தெரிந்தவர்தான் இருட்டில் இப்படி நடக்க முடியும்.

அந்தச் சமயத்தில் நான் உண்டாகியிருந்தேன்.

மற்ற பெண்கள் மாங்காய்க்கு ஏங்குவார்கள், நான் ஒரு பதிலுக்கு ஏங்கினேன். மாமனார் எதில் செத்தார்? கணவரிடம் கேட்டேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பா கடைசியாகக் கிடந்த வருஷங்களில் என் கணவரை மாமா வீட்டில் விட்டிருந்தார்களாம். டைபாய்டு என்றார். டைபாய்டு வருஷக்கணக்கிலா கிடத்தும்? மாமியாரிடம் கேட்டேன். அவர் அடுப்பைப் பார்த்தபடியே, "வயத்துல குழந்தைய வெச்சிண்டு செத்தவாளப் பத்திப் பேசப்படாது" என்றார். அத்தோடு கதவு சாத்தப்பட்டது.

நாத்தனாரைப் பெண் பார்க்கச் செம்பூரிலிருந்து வந்தார்கள். நல்ல இடம், பையனுக்கு ரயில்வேயில் உத்தியோகம். மச்சினரை உள் அறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தி, துணைக்கு என்னை உள்ளே விட்டார்கள். வயிறு தெரியும்படி மாட்டுப்பெண் கூடத்தில் நிற்பதும் அவ்வளவு அழகில்லை என்பது உபரிக் காரணம். கால் பிசகிப் படுத்திருக்கிறான் என்று சொல்வதாக ஏற்பாடு. கட்டடத்தில் எல்லோருக்கும் அது பிசகல்ல என்று தெரியும், ஒருவரும் மூச்சு விடவில்லை. எல்லா வீட்டிலும் கல்யாணத்துக்குப் பெண் இருந்தது, எல்லா வீட்டிலும் சாத்திவைக்க ஒரு விஷயம் இருந்தது. கூடத்தில் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள்.

சொஜ்ஜி பஜ்ஜி தட்டு போன சத்தம் கேட்டது. நாத்தனார் பாட ஆரம்பித்ததும் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள். அப்போது மச்சினருக்குச் சிரிப்பு வந்தது.

அந்த வியாதியில் இது ஒரு கொடுமை. ஒரு காரணமும் இல்லாமல் சிரிப்பு வரும், அழுகை வரும். வந்தால் நிறுத்த முடியாது. மனசுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. டாக்டர் சொன்ன அந்த உத்தரவு நரம்புகள்தான், கடிவாளம் அறுந்துபோனதில் முகம் தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது. பேச்சே போய்விட்ட தொண்டையிலிருந்து அவ்வளவு பெரிய சிரிப்பு எப்படி வந்ததோ. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். வாயைப் பொத்தலாமா என்று கை போயிற்று, மூச்சு முட்டிவிடுமோ என்று பயந்து எடுத்துவிட்டேன். அவர் கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. வாய் சிரித்தது, வயிறு குலுங்கியது, கண்கள் மட்டும் கெஞ்சின. அந்தக் கண்களை நான் இன்றுவரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெளியே பாட்டு நின்றது. யாரோ விசாரித்தார்கள். மாமியார் குரல் கொஞ்சம்கூடப் பிசிறாமல் கேட்டது.

"பெரியவன்தான். பத்திரிகையில ஜோக்கு படிச்சிண்டிருப்பன்."

பையனின் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு இருக்கிற வீடு, இதைவிட வேறென்ன பார்க்க வேண்டும் என்றார். அங்கேயே நிச்சயமாயிற்று. உள்ளே சிரிப்பு மெல்ல மெல்ல அழுகையாகி, அதன் பிறகே அடங்கியது. முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்த முதல் நாள் அதுதான்.

கல்யாணம் முடிந்து நாத்தனார் செம்பூர் போனாள். மாமியாருக்கு முட்டி வலி, அதனால் மச்சினருக்குச் சாதம் ஊட்டுவது என் வேலையாயிற்று. பழக்கமாவது ஒன்றாவது, பட்டினி போடவா முடியும்? இதற்குள் அவருக்கு மிச்சமிருந்தது கண்கள்தான். மேலே பார்த்தால் ஆமாம், மூடினால் இல்லை. போறுமா, திருப்பிப் படுக்கவைக்கணுமா, கொசுவா என்று கேட்பேன். கொசு கடிப்பது தெரியும், சொறிந்துகொள்ளக் கை வராது. எங்கே கடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும், சரியான இடம் வந்ததும் கண் மேலே போகும். எனக்கு அதில் ஒரு திருப்திகூட வந்துவிட்டது. கேட்டால் உண்மையான பதில் வரும் ஒரே ஆள் அந்த வீட்டில் அவர்தான் என்று நினைத்தேன்.

எனக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். வெளியே மழை. கெட்டி மோர்சாதத்தை ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டு, கிண்ணத்தைத் தள்ளிவைத்தேன். வயிற்றில் குழந்தை புரண்டது. கையை அதன்மேல் வைத்துக்கொண்டேன். அவர் அந்தக் கையைப் பார்த்தார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். அப்பாவுக்கும் இதுதானா?"

அவர் என்னைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கண்கள் மேலே போகுமோ என்று நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கண்ணை மூடினார். வழக்கம்போல் சிமிட்டித் திறக்கவில்லை. இறுக்கி மூடினார், மூடியபடியே இருந்தார். மூடிய இமையோரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குத்தான் எதற்கும் அழுகை வருமே. அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிள்ளை பிறந்தான். குழந்தையைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் கிடத்தினேன். அவருடைய வற்றிய உள்ளங்கையில் குழந்தையின் கையை வைத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தது குழந்தையின் முகத்தை அல்ல, கட்டைவிரலை. அதையும் நான் ஆசை என்றுதான் எடுத்துக்கொண்டேன். அந்த வருஷக் குளிரில் ஒரு விடியற்காலை அவர் போய்விட்டார். மூச்சு விடுவதும் சதைதானே, அதற்கும் உத்தரவு வருவது நின்றுவிட்டது.

பிள்ளை நடந்தான், ஓடினான், விழுந்தான், முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். விழுந்தபோதெல்லாம் அடிதான், வேறொன்றும் இல்லை என்று அதட்டி எழுப்பினேன். அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மாமியார் படுத்தார். முதுமைதான், வேறு வியாதி இல்லை. ஒருநாள் காலை அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் நீர்க்கவே இருந்தது. அவர் அதைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"எனக்குத் தண்ணி இறங்கறது, பாத்தியா. அவருக்குத் தண்ணிதான் முதல்ல ஏறித்து. பெரியவன்தான் அப்பா பக்கத்துல உக்காந்து கெட்டியாப் பிசைஞ்சு ஊட்டுவன். சின்ன வயசு. எல்லாம் பாத்தாச்சு அவன். அதனாலதான் கல்யாணம் வேண்டாம்னுட்டான். என்னோட முடியட்டும்னு சொன்னான்."

எனக்கு மாமியார்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், அதற்காக டாக்டரிடமே பொய், பெண் எடுத்தவர்களிடம் பொய், என்னிடம் பொய். சாகக் கிடக்கிற கிழவியிடம் சண்டையா போட முடியும்? வாயைத் துடைத்துவிட்டு உள்ளே வந்து, மச்சினர் படுத்திருந்த அதே அறையில் உட்கார்ந்து அழுதேன். நான் மச்சினரைக் கேட்டபோது குழந்தை வயிற்றில் வந்துவிட்டது. தெரிந்து நான் என்ன செய்திருக்க முடியும், பயப்படுவதைத் தவிர? தனக்கு ஒரு குழந்தை வேண்டாம் என்று இருந்தவர் என் குழந்தைக்காகக் கண்ணை மூடினார். அந்த ஒரு பொய்யால்தான் பிள்ளை விழுந்தபோதெல்லாம் என்னால் அதட்ட முடிந்தது.

அன்றோடு அந்த நிம்மதி முடிந்தது. அன்றிலிருந்து நான் கட்டைவிரல்களைப் பார்க்கிறேன். கணவர் சட்டைப் பித்தான் போடும்போது, பிள்ளை பேனா பிடிக்கும்போது, நாத்தனார் செம்பூரிலிருந்து வந்து வெற்றிலை மடிக்கும்போது. தோளில் சட்டை அசைந்தால் காற்றா, சதையா என்று பார்க்கிறேன். பிற்பாடு விவரம் தெரிந்த டாக்டர்களிடம் கேட்டுப் பார்த்தேன். வயது ஏற ஏற வரும், ஆண்களுக்குக் கொஞ்சம் அதிகம், புகை, உலோகத் தூசி, பூச்சிமருந்து என்றெல்லாம் சந்தேகம் உண்டு, எதுவும் நிச்சயமில்லை, முக்கால்வாசிப் பேருக்குக் காரணமே தெரியாது என்றார்கள். எங்கள் குடும்பம் மாதிரிச் சில குடும்பங்களில் மட்டும் இறங்கும், அதுவும் எல்லோருக்கும் அல்ல, பாதிக்குப் பாதி. என் கணவர் அறுபதைத் தாண்டிவிட்டார், இன்னும் தானே பித்தான் போட்டுக்கொள்கிறார். தப்பித்தோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிள்ளைக்குக் கல்யாணமாகி மாட்டுப்பெண் முலுண்டில் குடித்தனம் வைத்தாள். படித்த பெண், என் எதிரில் உட்கார்ந்தே பேசுவாள், எனக்கு அது பிடிக்கும். போன மாதம் பிள்ளையும் அவளுமாக வந்திருந்தார்கள். உண்டாகியிருக்கிறாள். காபி குடித்துக்கொண்டே, டாக்டர் கேட்டார் என்று சாதாரணமாக ஆரம்பித்தாள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது.

"நம்ம ஆத்துல யாருக்காவது ஏதாவது வியாதி உண்டாம்மா? பெரியப்பாவுக்கு வாதம்னு சொன்னாரே இவர், அது என்ன?"

நான் அந்தக் கையைப் பார்த்தேன், அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அன்று அந்தப் படுக்கையில் அவர் என்ன பாடு பட்டிருப்பார் என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. ஆனால் அவருக்குக் கண் மட்டும்தான் இருந்தது. ஆமாம், இல்லை என்ற இரண்டே பதில்தான் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பயப்படாதே என்று சொல்ல அவருக்கு வழியில்லை. எனக்கு வாய் இருக்கிறது, அவள் கையைப் பிடித்துக்கொள்ளக் கையும் இருக்கிறது.

பிள்ளையையும் உள்ளே கூப்பிட்டேன். இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, சொற்களெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்த அந்தக் கடிதத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.